உரக்கக் கூச்சலிட்டேன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஸ்டேஷனில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கடுகு' என்று சொல்வார்கள். எண்ணெய் காய்வதற்குள் வெடித்துவிடுவேனாம். வெடிக்காமல் என்ன செய்ய? விசாரணை அதிகாரி என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, விசாரிக்கும் முன்பே ஆளாளுக்கு முடிவைக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

கண்ணாடிக்கடை வழக்கும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. பெரிய அதிகாரி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வேண்டாத வேலை வருகிறது என்று அர்த்தம். வழக்குக் கோப்பை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். பொய்ப் புகார் என்று ஒரு பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமாம். குற்றம் சாட்டப்பட்ட மேனேஜர் தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறார்; இதை மூடினால்தான் அதைத் திறக்க முடியுமாம். அதாவது, புகார் கொடுத்த பெண் வெள்ளிக்கிழமையோடு குற்றவாளி ஆகிவிடுவாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு எனக்கு டீ வேறு சொன்னார்.

பொய் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவ வாக்குமூலத்தையே படிச்சுப் பாருங்கம்மா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டல" என்றார்.

டீயைத் தொடாமல் வழக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கடைத்தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தப் பெண்ணுக்கு அங்கே ஃபிரேமில் லென்ஸ் பொருத்தி, வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி வளைத்துக் கொடுக்கிற வேலை. முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கடையின் பின்பக்கம் கண் பரிசோதனை அறை. ஜன்னல் கிடையாது. எழுத்துப் பலகை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அறையை இருட்டாகவே வைத்திருப்பார்கள். ஒரு மதியம் லென்ஸ் பெட்டி எடுக்க அவள் உள்ளே போனாள். மேனேஜர் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தன்னைப் பலாத்காரம் செய்தார் என்பது அவள் புகார். மறுநாள் கணவனோடு ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் எழுதிய வாக்குமூலத்தில், 'நான் உரக்கக் கூச்சலிட்டேன்' என்று இருக்கிறது. அதே நாளில் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்பில், 'பயத்தில் குரலே எழும்பவில்லை என்கிறார்' என்று இருக்கிறது. கடையில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்கிறாள். கடைக் கேமராவோ இவர்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டது. பரிசோதனை அறையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறாள். காத்திருந்த ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று விரல் விட்டுப் பார்க்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவர் முன் நீட்டுகிறாள். சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பைப் பெரிய அதிகாரி தன் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார். எனக்கும் போட்டுக் காட்டி, இப்படி ஒன்று நடந்தவள் சிரிப்பாளா என்று கேட்டார். சிரிப்பை விடுங்கள், அவள் கையைப் பாருங்கள் என்றேன். அந்தப் பெரியவரின் காதருகே அவள் விரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. கேமரா மட்டமானது, படம் ஆடுகிறது என்று சொல்லிவிட்டார். அதே மட்டமான கேமராவில் சிரிப்பு மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

மேனேஜர் சொன்னதைக் கேளுங்கள். முதலில் அந்த அறைக்குள் போகவே இல்லை என்றார். கேமராவைக் காட்டியதும், போனது உண்மைதான், அவள்தான் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னாள் என்றார். அவளுடைய இரண்டு புஜத்திலும் விரல் தடம் இருப்பதாக டாக்டர் எழுதியது தெரிந்ததும், அவளே விரும்பித்தான் எல்லாம் என்றார். ஆளுக்கொரு கதை கேட்டிருக்கிறேன், ஒரே ஆளுக்கு மூன்று கதை இங்கேதான். கோப்பில் அவற்றுக்கு 'விளக்கம்' என்று தலைப்பு. அவள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதற்கு 'முரண்பாடு' என்று தலைப்பு. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அடித்துக்கொண்டால் அதையும் எவனாவது கோப்பில் எழுதி வைப்பான் என்று விட்டுவிட்டேன்.

கடைக்கு நேரில் போனேன். மேனேஜர் விடுப்பில் இருந்தார். கவுன்ட்டர் பெண் மட்டும் இருந்தாள். துடைத்த ஃபிரேமையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நேரே பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு நாற்காலி, சுவரில் எழுத்துப் பலகை, மூலையில் லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. நாற்காலியை இழுத்தால் சுவரில் முட்டுகிற அளவுக்குத்தான் இடம். அங்கே நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், இதோ வந்துவிடுகிறேன் என்றேன். சரிங்க மேடம் என்று வெளியிலிருந்து பதில் வந்தது. நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. வெளியே யாரோ வந்து ஃபிரேம் விலை கேட்டதும், அவள் விலை சொன்னதும், வந்தவர் முனகிக்கொண்டே போனதும் எனக்கு உள்ளே ஒன்றுவிடாமல் கேட்டது.

கவுன்ட்டர் பெண் பொய் சொல்லவில்லை. கூச்சல் போட்டிருந்தால் அவள் என்ன, தெருவில் போகிறவனே நின்று பார்த்திருப்பான். நான் வெளியே வந்ததும், தான் யாருக்கும் எதிராகச் சொல்லவில்லை, கேட்காததைக் கேட்கவில்லை என்றுதான் சொன்னதாகச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். எதற்கு அழுகிறாய் என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன். உண்மை சொன்னவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள், கதை கட்டினவன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். நான் யாரிடம்தான் எரிந்து விழுவது?

ஆக, டாக்டர் எழுதியதுதான் சரி, ஸ்டேஷன் வாக்குமூலம்தான் தப்பு. புகார் கொடுத்தவளே அதைச் சொல்லிவிட்டால் முரண்பாடு முடிந்தது. மறுநாள் அவளை வரச் சொன்னேன். கணவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் உள்ளே வந்து நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டாள். கத்தினாயா இல்லையா என்று நேராகவே கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள்.

"எழுதியிருக்கிறபடியே இருக்கட்டும் மேடம்."

எழுதியிருப்பது இரண்டு விதமாக இருக்கிறது, அதில் எது என்றேன். போலீஸில் எழுதியது என்றாள். அப்படியானால் டாக்டரிடம் ஏன் வேறு மாதிரி சொன்னாய் என்றேன். மறுபடி கதவைப் பார்த்தாள். கடை மேனேஜர் நாளைக்கு உன்மேல் வழக்குப் போடப் போகிறார், உன்னைக் காப்பாற்றத்தான் நாய் மாதிரி அலைகிறேன், நீயே போய்க் குழியில் இறங்குகிறாயே என்று மேசையைத் தட்டினேன். அவள் அந்தத் தட்டுக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். கிளம்பலாமா மேடம் என்று மட்டும் கேட்டாள். போய்த் தொலை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. போ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் வேறொரு வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நடந்த கைப்பைப் பறிப்பு. பறிகொடுத்தவர் எனக்குத் தெரிந்த தையல்காரம்மா. பிறந்ததிலிருந்தே அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. என் சட்டைகளை அவர்தான் தைக்கிறார். நான் பெருத்துக்கொண்டே போனால் கையாலும் புருவத்தாலுமே என்னை வண்டி வண்டியாகத் திட்டுவார். மறந்துவிடக் கூடாதே என்று அவருடைய வாக்குமூலத்தை எடுத்து ஒரு முறை புரட்டினேன். சைகை தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எழுதியது. நாலாவது வரி: 'நான் உரக்கக் கூச்சலிட்டேன்.'

முதலில் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள், இவருக்குமா இதே வரி என்று உறைத்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த கோப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சங்கிலி பறிகொடுத்தவர் உரக்கக் கூச்சலிட்டிருக்கிறார். வீட்டில் திருடன் புகுந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர் உரக்கக் கூச்சலிட்டிருக்கிறார். கணவனிடம் அடிபட்டவள், பக்கத்து வீட்டுக்காரனிடம் மாட்டிய பள்ளிக்கூடத்துப் பெண், எல்லாரும் உரக்கக் கூச்சலிட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. எங்கள் ரைட்டருடையது.

ஸ்டேஷனுக்கு வருகிறவர்களின் வாக்குமூலத்தை எழுதுவது அவர் வேலை. கோர்வையார் என்று அவருக்குப் பெயர். புகார் கொடுக்க வருகிறவர்கள் அழுதுகொண்டு முன்னுக்குப் பின்னாகச் சொல்வார்கள். அழாமல் கோர்வையாகச் சொல்லுங்கள் என்பார். அவர்களால் முடியாது. இவரே கோர்த்துவிடுவார். எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி இருக்கும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார், ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார், குழந்தையோடு வந்தால் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பார். இந்த ஸ்டேஷனில் நல்ல மனுஷன் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

தையல்காரம்மாவின் கோப்பை அவர் முன்னால் விரித்தேன்.

"வாய் பேச முடியாதவங்க எப்படிண்ணே கூச்சல் போட்டாங்க?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அட என்றார். பழக்க தோஷம் மேடம், கை தன்னால் போட்டுவிடுகிறது என்று அசடு வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கண்ணாடிக்கடைப் பெண்ணின் கோப்பை அதன்மேல் வைத்து, இவள் கத்தினேன் என்று சொன்னாளா என்று கேட்டேன். பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல இதே மாதிரி ஒரு பொண்ணு மேடம். கத்தலன்னு சொன்னா, அப்படியே எழுதினேன். கோர்ட்ல அந்த ஒரு வரிய வச்சே அவளக் கிழிச்சுட்டாங்க. கத்தலன்னா சம்மதந்தானேன்னு சொல்லி அவன விட்டுட்டாங்க. நான் அங்கயே நின்னுட்டிருந்தேன். அன்னையிலேர்ந்து யார் வந்தாலும் நானே கத்த வச்சிடறேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திட்டினேன். கோர்ட்டில் இருக்கிறவன் கேட்கிற கேள்வி தப்பு என்றால் அதற்கு இவள் பதிலை நாம் எப்படி மாற்றலாம், நீங்கள் இரக்கப்பட்டுப் போட்ட வரிதான் இன்றைக்கு இவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, டாக்டர் எழுதியதும் கவுன்ட்டர் பெண் சொன்னதும் உண்மை, நாம் எழுதியது மட்டும்தான் பொய் என்று சத்தம் போட்டேன்.  படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன் என்று மட்டும் முணுமுணுத்தார். படித்துக் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அந்த வரி வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தாளாம். இது எல்லாருக்கும் போடறதும்மா என்று இவர் சொன்னாராம். அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

அரசு வழக்கறிஞருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் போனிலேயே குதித்தார். உங்கள் ஸ்டேஷனை இழுத்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறியுங்கள் என்றார். இந்த ரைட்டர் எழுதி, தண்டனை வாங்கிக் கொடுத்த வழக்கு ஒவ்வொன்றையும் நாளைக்குக் கிளறுவார்கள் என்று கத்தினார். கிளறினால் கிளறட்டும், அதற்காக இவளைக் கூண்டில் ஏற்றுவதா என்று நானும் கத்தினேன். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு வழி சொன்னார். அந்த வரி தன்னுடையதல்ல, தான் கத்தவில்லை என்று அவள் புதிதாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதைத் தானே சேர்த்ததாக ரைட்டரும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் வந்தால் பெரிய அதிகாரியிடம் தானே பேசி வழக்கை நடத்துவதாகச் சொன்னார். ஒன்று குறைந்தாலும் தன்னால் ஆகாது என்றார்.

கோர்வையாரிடம் வந்து சொன்னேன். வேலை போனாலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.  அவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"நான் குடுத்துடறேன் மேடம். அந்தப் பொண்ணு குடுக்க மாட்டா."

ஏன் என்றேன். அவள் கணவன் வாக்குமூலத்தின் ஜெராக்ஸ் ஒன்று கேட்டு வாங்கிப் போனானாம். போவதற்கு முன் அந்த வரியைக் காட்டி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள் சார் என்று கேட்டானாம். இவரும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை அவளை மறுபடி கூப்பிட்டேன். பெண்கள் பிரிவு என்று எங்களுக்கு ஒரு அறை உண்டு. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே பறிமுதல் செய்து துருப்பிடித்துக் கிடக்கிற சைக்கிள்கள். மேசையைத் தட்டக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையல்காரம்மா கூச்சலிட்ட கதையைச் சொன்னேன். ரைட்டர் எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். இனி அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று சொன்னேன். அந்த வரி இருந்தால் நாளைக்கு அவள் பொய்க்காரி, வழக்கு அவள்மேல். அந்த வரி போனால் வழக்கு அவன்மேல். இதற்கு மேல் எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் பிடித்துப் பிடித்து நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"அந்த வரியாலதான் மேடம் நான் அந்த வீட்டுல இருக்கேன்" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வீட்டில் மாமியார் கேட்ட முதல் கேள்வியே, சத்தம் போட்டாளா என்பதுதானாம். அவளிடம் இல்லை, மகனிடம். கணவனும் அவன் அண்ணனும் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. ஜெராக்ஸ் கைக்கு வந்ததும் கணவன் அதைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்திருக்கிறான். பாருங்கள், கத்தியிருக்கிறாள், போராடியிருக்கிறாள் என்று அந்தக் கோட்டைக் காட்டினானாம். அதற்குப் பிறகுதான் மாமியார் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாளாம். இன்றைக்கும் அந்தத் தாள் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறதாம்.

எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்துக்கொண்டது. மாமியார் மேலா, இவன் மேலா, கோர்வையார் மேலா, அந்தப் பழைய நீதிமன்றத்தில் கேள்வி கேட்டவன் மேலா? எல்லார் மேலும்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது இவள் ஒருத்திதான். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கத்தலன்னு சொன்னா, ஏன் கத்தலன்னு கேப்பாங்கள்ல?"

"கேப்பாங்கம்மா. கோர்ட்லயும் கேப்பாங்க, வீட்லயும் கேப்பாங்க. அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"வாயத் தொறந்தேன் மேடம். காத்துதான் வந்துச்சு. அப்ப வெளிய அந்தப் பெரியவர், என்னம்மா என் கண்ணாடி ஆச்சான்னு கேட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இதோ வரேங்கய்யான்னு சொல்லணும், சொல்லணும்னே இருந்துச்சு. அது மட்டுந்தான் மனசுல ஓடிச்சு. வெளிய வந்து அவருக்கு மாட்டிவிட்டேன். நல்லாத் தெரியுதுன்னு சொன்னாரு. சிரிச்சேன் போல."

பெரிய அதிகாரி ஓட்டி ஓட்டிப் பார்த்த சிரிப்பு அதுதான். இந்த வார்த்தைகளை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கத்தினாயா என்று மட்டும் கேட்டிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான்.  தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கூப்பிடுங்கள் மேடம் என்றாள். வேண்டாம், முதலில் எழுதிவிடலாம், வீட்டுப் பஞ்சாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை, கூப்பிடுங்கள் என்றாள்.

வெளியே பெஞ்சில் இருந்த கணவன் வந்தான். வேலை உடுப்பில் கிரீஸ் கறையோடு இருந்தான். ஆள் முரடன் இல்லை. சரியாகத் தூங்காதவனின் கண்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நான் கத்தல" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தான். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. மேசையில் வைத்து, கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தான். இதில் போட்டிருக்கிறதே என்றான், என்னவோ நான்தான் பொய் சொன்ன மாதிரி. அதை ரைட்டர் தானாக எழுதினார், எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகிறார் என்று விளக்கினேன். தலையாட்டினானே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப இவ்வளவு நாளா எங்கிட்டப் பொய்யா சொன்னே?"

"உங்ககிட்ட நான் எதுவுமே சொல்லல. நீங்க கேக்கவே இல்ல. படிச்சீங்க."

 அவன் விரல் இன்னும் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. ஏதாவது சொல்லடா பாவி என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான். அம்மாவிடம் நான் என்ன சொல்வது என்றான்.

அந்த நிமிடம் அவனை அறைந்திருப்பேன். உடுப்பு தடுத்தது. அவள் என்னை முந்திக்கொண்டாள். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளுங்கள் மேடம் என்றாள். வாக்குமூலம் எழுதும்போது வேறு ஆள் இருக்கக்கூடாது, தம்பி நீங்கள் வெளியே இருங்கள் என்றேன். இருக்கட்டும், இப்போதாவது கேட்கட்டும் என்றாள். ஒரு நொடி யோசித்தேன். வழக்கத்தைப் பார்த்து எழுதித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இருந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். லென்ஸ் பெட்டியில் ஆரம்பித்து, நடுவில் பெரியவர் குரலுக்குப் போய், மறுபடி கதவுக்கு வந்து, மேனேஜரின் மோதிரம் புஜத்தில் அழுத்தியதைச் சொல்லி, வீட்டில் துணி துவைத்ததைச் சொல்லி, மறுபடி இருட்டுக்கு வந்தாள். வந்த வரிசையிலேயே எழுதினேன். எங்கேயும் கோர்க்கவில்லை. அவன் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றான். பெரியவர் கூப்பிட்ட இடம் வந்தபோது சரிந்து அப்படியே தரையில் குந்திவிட்டான். அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

முடித்து, நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். 'பயத்தில் குரல் எழும்பவில்லை' என்று எழுதியிருந்தேன். பயம் என்று நான் சொல்லவில்லை, வரவில்லை என்றுதான் சொன்னேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பயம் டாக்டரின் வார்த்தை. எனக்குத் தெரியாமலே என் பேனாவில் வந்திருக்கிறது. அடித்துவிட்டு, அவள் சொன்னதைப் போட்டேன். கையெழுத்துப் போட்டாள். இனி அரசு வழக்கறிஞர் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அவளைத் தூக்கி உள்ளே வைப்பதற்கு வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

அவன் எழுந்து மேசைக்கு வந்தான். பழைய தாளை எடுக்கவில்லை. கண் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, புதுசுக்கும் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா மேடம் என்றான். எதற்கு என்றேன், கொஞ்சம் காட்டமாகவே.

"வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும். இதையும் நானே படிக்கறேன்."

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அது எனக்கே தெரிந்தது. ஜெராக்ஸ் எடுக்கப் புதுத் தாளைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"குடுக்காதீங்க மேடம்" என்றாள். "யாருக்குத் தெரியணுமோ அவங்க எங்கிட்ட வந்து கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."